விளக்குச் சுவரில் மூன்றெழுத்து

"'திரு'ன்னு மரியாதையாத்தானே சார் போட்டிருக்கான்? இதுக்குப் போய் எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க? பதிலுக்கு ஒரு வணக்கம் வச்சிட்டுப் போங்களேன்" என்றார் மாமா.

மேஸ்திரி சிரிக்கவில்லை. அளவெடுத்துச் செதுக்கிய தாடியோடு சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த ஆள் நிஜத்தில் ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டதில்லை. சதுரச் சதுரமான கட்டைகளை அடுக்கி வீடு, கோட்டை, இயந்திரம் என்று எதை வேண்டுமானாலும் கட்டலாம் என்கிற வீடியோ கேம் ஒன்று இருக்கிறதே, அதில் அவன் ராஜா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் லைவில் வந்தால் லட்சக்கணக்கான பேர் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். 'மேஸ்திரி' என்பது அவர்கள் ஆசையாக வைத்த பெயர்.

"அது முந்தின வாரம். போன வாரம் வந்ததைப் பாருங்க" என்று அவன் சுட்டியைத் தட்டி அந்த லைவின் பதிவை ஓடவிட்டான்.

திரையில் ஒரு நகரம் விழித்துக்கொண்டது. ஒரே ஒரு லீவரை இழுத்ததும் அணை திறந்தது, தண்ணீர் ஓடியது, சக்கரம் சுற்றியது, கோட்டைக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின, தண்டவாளத்தில் வண்டிகள் சரக்கோடு கிளம்பின. மனுஷன் கை படாமல் அத்தனையும் தானாகவே நடந்தது. மாமா வாயைப் பிளந்து பார்த்தார். கடைசியில் மலையளவு உயரமான ஒரு விளக்குச் சுவரில் சூரியன் உதிக்க வேண்டும். சூரியனும் உதித்தது. ஆனால் அதற்கு மேலே, யாரும் அழைக்காமல் மூன்று எழுத்துகள் எரிந்தன.

திருட.

"முதல் வாரம் 'தி' மட்டும் வந்தது. விளக்கு கெட்டுப்போச்சுன்னு விட்டுட்டேன். அடுத்த வாரம் 'திரு'. ரசிகர்கள் எனக்குப் பட்டம்னு கொண்டாடிட்டாங்க. போன வாரம் இது. இன்னைக்கு மறுபடி வெள்ளிக்கிழமை."

"'திருட வராதீங்க'ன்னு பொது அறிவிப்பா இருக்கலாமே" என்றார் மாமா.

"மாமா" என்றாள் பாப்பா. அவ்வளவுதான். அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஊருக்கெல்லாம் அவள் துப்பறிவாளர் மேடம். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைத் தோண்டித் தோண்டிப் பழகி, பிறகு தனியாக போர்டு மாட்டிக்கொண்டவள். காதோரம் நரை எட்டிப் பார்க்கிற வயது. ஆனாலும் அக்கா மகள் அக்கா மகள்தானே. அவரைப் பொறுத்தவரை அவள் பாப்பாதான். அதை வாடிக்கையாளர்கள் முன்னாலும் சத்தமாகச் சொல்லி அவள் மானத்தை வாங்குவார். டிரைவிங் ஸ்கூலை மூடிவிட்டு வந்த மாமாவுக்கு அவளிடம் உதவியாளர் உத்தியோகம்.

"இதை யார் கட்டினது?" பாப்பா கேட்டாள்.

"நான்தான். ஒரு வருஷ உழைப்பு."

"இந்த உலகத்துக்குள்ள யாரெல்லாம் வர முடியும்?"

"நான் மட்டும்தான். வேற யாருக்கும் அனுமதி இல்லை."

"கட்டினது நீங்க, நுழையிறதும் நீங்க. அப்ப எழுதினதும் நீங்கதான். கேஸ் முடிஞ்சது பாப்பா, கிளம்பலாம்" என்று மாமா பாதி எழுந்தார்.

"என் மச்சான்" என்றான் மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு. "என் பொண்டாட்டியோட அண்ணன். பூட்டு ரிப்பேர் பண்றவன். போன வருஷம் நான் ஒரு அறுவடை மெஷின் காட்டினேன். அது தன்னோடதுன்னு வீடியோ போட்டான். விடுவாங்களா நம்ம ரசிகர்கள்? நல்லாக் கவனிச்சாங்க. அந்தக் காண்டுல எப்படியோ உள்ளே நுழைஞ்சு இப்படிப் பண்றான். ஆறு மணிக்கு லைவ். அவன் பேரு, விலாசம், போன் நம்பர் எல்லாத்தையும் லைவ்ல சொல்லப் போறேன். அவன்தான்னு நீங்க உறுதி பண்ணிக் கொடுத்தா போதும்."

அந்த நேரத்தில் கதவு திறந்தது. மேஸ்திரியின் மனைவி டீக் கோப்பைகளோடு உள்ளே வந்தாள். அண்ணனைப் பற்றிய பேச்சு காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனால் தட்டு கொஞ்சம்கூட ஆடவில்லை.

"புள்ளி போட்ட கோப்பை சர்க்கரை இல்லாதது. கோடு போட்டதுல சர்க்கரை இருக்கு" என்றாள்.

மாமாவுக்குச் சர்க்கரை ஆகாது. ஆகவே கோடு போட்டதைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். பாப்பா தன் கோப்பையை வாங்கி, கொஞ்ச நேரம் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிவப்பு நிறக் கோப்பை. அதில் வெள்ளைப் புள்ளிகள் பூச்சி மாதிரி பொடிப்பொடியாக இருந்தன. மாமாவுடையது பச்சை.

"ஹெட்போன் சார்ஜர் எங்கே? எத்தனை தடவை சொல்றது?" என்று மேஸ்திரி மனைவி பக்கம் திரும்பாமலே அதட்டினான். அவள் இழுப்பறையைத் திறந்து எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

"மச்சானைப் பார்த்துட்டு வந்துடுறோம்" என்று பாப்பா எழுந்தாள்.

பழைய டிரைவிங் ஸ்கூல் கார்தான் இப்போதும் அவர்கள் வாகனம். பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. மாமா வேகம் எடுக்கும்போதெல்லாம் பாப்பா அந்தப் பிரேக்கை மிதிப்பாள். மாமா தலையில் அடித்துக்கொள்வார். இப்படியே மிதித்தும் அடித்தும் பூட்டுக்கடைத் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கடை மூடிக் கிடந்தது. ஷட்டரில் ஒட்டடை. மேலே கரும்பச்சை நிறத்தில் பெயர்ப்பலகை. அதன் மேல் குறுக்காக, சிவப்புப் பெயிண்டில், யாரோ அவசரமாகக் கிறுக்கிய ஒரு வார்த்தை.

திருடன்.

மாமா போர்டைச் சுட்டிக் காட்டினார். "மூணு எழுத்துக்கு அப்புறம் என்ன வரும்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு பாப்பா. அந்தாளு சொன்னது சரிதான். மச்சானேதான்."

பாப்பா பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குள் போனாள். கடைக்காரர் மிஷினுக்குக் காகிதம் திணித்துக்கொண்டே பேசினார்.

"அவரைத் தேடியா? மாடியில இருக்கார். ஆனா கதவைத் திறக்கமாட்டார். சாப்பாட்டை வாசல்ல வச்சிட்டு வந்துடணும். என்ன மனுஷன் தெரியுமா? எந்தப் பூட்டா இருந்தாலும் காதை வச்சுக் கேட்டே திறந்துடுவார். ராப்பகலா போன் பண்ணித் திட்டினாங்க. பசங்க வந்து வாசல்ல நின்னு வீடியோ எடுத்தாங்க. அதையெல்லாம்கூடத் தாங்கிட்டார். அந்த போர்டுதான்..."

"பெயிண்டு அடிச்சது."

"அடிச்சதைவிட, அது அவருக்குத் தெரியாமப் போனதுதான் கொடுமை." கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான். பிறவியிலேயே அப்படி. எலக்ட்ரிக் வேலைக்குப் போய், அந்தக் கண் டெஸ்டுலதான் தள்ளிவிட்டாங்க. சாவிகளுக்குக்கூட கலர் வளையம் போடமாட்டார். கோடு கீறி வைப்பார், புள்ளி குத்தி வைப்பார். பச்சை போர்டுல சிவப்பு எழுத்து அவர் கண்ணுக்குப் படவே இல்லை. ஒரு வாரம், ஒரு வாரம் முழுசா, தலைக்கு மேல 'திருடன்'னு எழுதியிருக்க, அதுக்குக் கீழ உட்கார்ந்து வர்றவங்ககிட்ட எல்லாம் சிரிச்சுப் பேசிட்டு இருந்தார். எனக்கும் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. கடைசியில ஒரு சின்னக் குழந்தை எழுத்துக்கூட்டிச் சத்தமாப் படிச்சிடுச்சு. அன்னைக்கு மூடின கடைதான்."

மாமாவுக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

"அந்த போர்டை ஏன் இன்னும் கழட்டலை?" என்றாள் பாப்பா.

"கழட்டப் போனேன். அவர் தங்கச்சி வேண்டாம்னுட்டாங்க. 'இருக்கட்டும், எனக்கு வேணும்'னு சொன்னாங்க. அப்பப்ப வந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துட்டுப் போவாங்க."

"இப்பவும் அவர் அந்த கேம் ஆடுறாரா?"

"எதுல ஆடுவார்? இதோ இருக்கே, அவர் கம்ப்யூட்டர்தான். கடை மூடின வாரமே 'கண்ணுல காட்டாதே'ன்னு எங்கிட்டத் தள்ளிவிட்டுட்டார். கேமெல்லாம் அழிச்சிட்டு நான் பில் போட வச்சிருக்கேன்."

திரும்பி வரும்போது மாமா வேகமே எடுக்கவில்லை. "அப்ப மச்சான் இல்லை. நமக்கு இருந்த ஒரே ஆளும் போயிட்டான்" என்றார்.

"போகலை மாமா. இப்பத்தான் கிடைக்குது" என்றாள் பாப்பா. இப்படிப் பாதியில் நிறுத்துவது அவளுக்குச் சிறு வயதிலிருந்தே வழக்கம். சாக்லேட்டை எங்கே ஒளித்தாள் என்பதை மாமா இன்றுவரை கண்டுபிடித்ததில்லை.

ஸ்டுடியோவில் மேஸ்திரி தலைக்கு ஜெல் தடவிக்கொண்டிருந்தான். பாப்பா மாமாவைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தாள். "விளக்குச் சுவருக்குப் பின்னாடி போங்க. அந்த எழுத்துக்கு வர்ற கம்பி எங்கேயிருந்து வருதுன்னு பார்க்கணும்."

"இதுல கிளட்ச் எது?" என்று கேட்டபடி மாமா நெருப்புக் குழம்புக்குள் விழுந்தார். செத்து, மறுபடி பிறந்து, இந்தத் தடவை சுவருக்குப் பின்னால் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே நரம்பு மாதிரி கம்பிகள் ஓடின. கம்பி என்றால் நிஜக் கம்பி இல்லை. கட்டைகளின் மேல் வரிசையாகத் தூவிய ஒரு சிவப்புத் தூள். அந்த உலகத்தில் மின்சாரம் அதன் வழியாகத்தான் பாயும். எந்த வரி எங்கே போகிறது என்று குழம்பாமல் இருக்க, கட்டுகிறவர்கள் தூளுக்கு அடியில் நீலம், மஞ்சள், பச்சை என்று நிறம் நிறமாகக் கட்டைகளை வைப்பார்கள்.

இங்கே நிறமே இல்லை. ஒரு வரிக்கு அடியில் கோடு ஓடிய மரக்கட்டை. இன்னொன்றுக்குப் புள்ளி விழுந்த கல். மற்றொன்றுக்குச் செங்கல் வடிவம். நகரம் முழுக்க இப்படித்தான்.

மாமாவின் கை நின்றுவிட்டது. "பாப்பா... பூட்டுக்காரரோட சாவி..."

"உஷ். மேல பாருங்க."

சாம்பலும் பழுப்புமாக ஓடிய அந்தக் கூட்டத்துக்கு நடுவே, ஒரே ஒரு வரி மட்டும் பளீரென்று ரோஸ் கலர் கம்பளிக் கட்டை மேல் ஓடியது. பின்தொடர்ந்தார்கள். அது சுவரைச் சுற்றி, அணைக்கு அடியில் நுழைந்து, ஒரு சின்னப் பெட்டியும் அதன் மேல் ஒரு புனலுமாக இருந்த ஒரு குழியில் போய் முடிந்தது. பெட்டிக்குள் மூன்று கூழாங்கற்கள்.

பாப்பா அந்தக் குழியை நெடுநேரம் பார்த்தாள். ரோஸ் வரி விளக்கைத் தொடும் இடத்தில் இருந்த ஒரு பந்தத்தையும் பார்த்தாள். அது அணைந்திருந்தது. அவள் உதட்டோரம் மெல்லச் சுருங்கியது.

"மேஸ்திரி சார், இந்தப் பெட்டி எதுக்கு?"

அவன் எட்டிப் பார்த்தான். "அது... தண்ணி அளவைப் பார்க்கிறதுக்கு."

"இந்தப் பந்தம்?"

"அழகுக்கு."

"சரி சார். கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வந்துடுறோம்."

சமையலறையில் மேஸ்திரியின் மனைவி பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். பாப்பா கதவைச் சாத்தினாள். மாமா கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"சிவப்புக் கோப்பை, பச்சைக் கோப்பைன்னு சொல்லியிருந்தா எல்லாருக்கும் சட்டுன்னு புரிஞ்சிருக்கும்" என்றாள் பாப்பா. "கண்ணுக்குத் தெரியாத புள்ளியையும் கோட்டையும் ஏன் சொன்னீங்க? சின்ன வயசுல இருந்து, கலர் தெரியாத ஒருத்தர்கூட வளர்ந்த பழக்கம். இல்லையா?"

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"உங்க வீட்டுக்காரர் யாரு உள்ளே நுழைஞ்சாங்கன்னு கேட்கிறார். யாருமே நுழையலை. ஷோவுக்காக லீவரை இழுக்கும்போதெல்லாம் ஒரு கூழாங்கல் அந்தப் பெட்டியில விழுது. ஒரு கல்லுக்கு ஒரு எழுத்து. அவரேதான் வாராவாரம் இழுத்துத் தன் தலையில எழுதிக்கிறார். அது முதல் நாள்ல இருந்தே மெஷினுக்குள்ள இருக்கு. அவர் கட்டியிருந்தா அவருக்குத் தெரிஞ்சிருக்கும். கட்டினது உங்க அண்ணன். அந்த ஒரு வரியை மட்டும் போட்டது, கலர் தெரிஞ்ச வேற கை."

தட்டு மேடையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

"அறுவடை மெஷினை அவர் திருடினப்போ நான் சும்மா இருந்தேன் மேடம்" என்றாள் அவள். குரலில் அழுகை இல்லை. அதுதான் மாமாவைப் பயமுறுத்தியது. "குடும்பம்னா கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. அண்ணன் கடை போர்டைப் பார்த்துட்டு வந்து, 'உங்க ஆளுங்களை நிறுத்தச் சொல்லுங்க'ன்னு இவர்கிட்டக் கெஞ்சினேன். கால்ல விழாத குறைதான். என்ன சொன்னார் தெரியுமா? 'பார்க்கிறவங்க எண்ணிக்கை ஏறுது, கொஞ்ச நாள் பொறு'ன்னார். அண்ணன் முன்னாடியே ஆன்லைன்ல தன் உலகத்துல இந்த நகரத்தைக் கட்டி முடிச்சு, கடவுச்சொல்லை எங்கிட்ட மட்டும் கொடுத்து, யாருக்கும் காட்டாம வச்சிருந்தான். அடுத்து இவர் அதைக் கேட்பார்னு எனக்குத் தெரியும். கேட்டார். கடவுச்சொல்லைத் தர்றதுக்கு முன்னாடி ஒரு மாசம் இழுத்தேன். அந்த ஒரு மாசமும், இவர் தூங்கி எழுந்திரிக்கிறதுக்குள்ள, அந்த வரியைப் போட்டேன். சின்னப்போ அவனுக்குக் கலர் பேரெல்லாம் நான்தான் சொல்வேன். பதிலுக்கு அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்த வித்தை இது. அப்புறம் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். அப்படியே மொத்தமா நகலெடுத்துட்டு வந்து, தான் கட்டினதாச் சொன்னார். ஒரு கட்டையைக்கூடப் புரட்டிப் பார்க்கலை."

"மறைக்க வேண்டிய கம்பிக்கு யாராவது ரோஸ் கலர் போடுவாங்களா?" பாப்பா மெதுவாகக் கேட்டாள்.

அவள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "மறைக்கணும்னு யார் சொன்னது? இவர் கண்ணுல படணும். இவர் கையே அதை அறுக்கணும்."

"அந்த வரியில ஓடுற மின்சாரம்தான் பந்தத்தை அணைச்சு வச்சிருக்கு. அறுத்தா..."

"அறுத்தா பந்தம் எரியும்" என்றாள் அவள். "நீங்க போய்ச் சொல்லிடலாம் மேடம். உங்களைக் கூப்பிட்டது அவர். உங்க வேலை அது. நான் தடுக்கமாட்டேன்."

மாமா பாப்பாவைப் பார்த்தார். பாப்பா சுவரைப் பார்த்தாள். வெளியே மேஸ்திரி "எங்கே போயிட்டாங்க எல்லாரும்?" என்று கத்தினான்.

ஸ்டுடியோவில் விளக்குகள் போட்டாகிவிட்டது. மேஸ்திரி காமிரா முன் தோளைக் குலுக்கித் தயாரானான். "என்ன ஆச்சு? மச்சான்தானே?"

"இல்லை" என்றாள் பாப்பா. "யாருமே உள்ளே நுழையலை. உங்க மச்சான் கம்ப்யூட்டரைத் தொட்டே ஒரு வருஷம் ஆகுது. அதுக்கு நான் பொறுப்பு. எழுத்து அந்த மெஷினுக்குள்ளேயே இருக்கு. நீங்க கட்டும்போதே இருந்திருக்கு."

மேஸ்திரியின் முகம் ஒரு கணம் சுண்டியது. அடுத்த கணம் சரியாகிவிட்டது. "அந்த ரோஸ் கலர் வரிதானே? இப்பப் பார்த்தீங்களே, அதுதானே? லைவ்லேயே அறுத்துடுறேன். 'என் சொந்த மச்சான் வச்ச சதியை உங்க கண் முன்னாடி அறுக்கிறேன்'னு சொன்னா சும்மா தெறிக்கும்."

"சார், அவர் இல்லைன்னு இப்பத்தான் சொன்னேன்."

"யாரா இருந்தா என்ன மேடம்? ஜனங்களுக்குத் திட்டறதுக்கு ஒரு முகம் வேணும். அவன் முகம் ஏற்கெனவே பழக்கமான முகம்." அவன் ஒரு துண்டுச் சீட்டைக் காமிராவுக்குக் கீழே ஒட்டினான். பூட்டுக்கடை விலாசம். "போன தடவை போர்டோட விட்டாங்க. இந்தத் தடவை பார்க்கலாம்."

பாப்பா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

கதவோரம் மேஸ்திரியின் மனைவி நின்றிருந்தாள். "பேரைச் சொல்றதுக்கு முன்னாடி முதல்ல அறுத்துடுங்களேன். அறுத்துட்டுச் சொன்னா இன்னும் எடுப்பா இருக்கும்" என்றாள், டீக்குச் சர்க்கரை கேட்பது போல.

"கரெக்ட்" என்றான் அவன். "ஒருநாளாவது உருப்படியா ஒண்ணு சொன்னே."

மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. கூப்பிட்டவருக்கு வேலை செய்யாமல் நிற்பது சரியா? "சார், அந்தக் கம்பியை..." என்று ஆரம்பித்தார். பாப்பாவின் செருப்பு அவர் காலை அழுத்தியது. காரில் பிரேக் மிதிப்பாளே, அதே அழுத்து. மாமா நின்றுவிட்டார்.

லைவ் ஆரம்பித்தது.

"வணக்கம் மக்களே! மூணு வாரமா நம்ம நகரத்துல ஒரு பேய் எழுதுதுன்னு பேசிக்கிட்டீங்க இல்லையா? இன்னைக்கு அந்தப் பேயோட கழுத்தை அறுக்கப் போறோம்!" திரையின் ஓரத்தில் ரசிகர்களின் குறிப்புகள் மழையாகக் கொட்டின. மேஸ்திரி சுவருக்குப் பின்னால் நடந்தான். ரோஸ் வரி பளபளத்தது. "இதுதான் அந்த துரோகி வச்ச வரி. யாருன்னு சொல்றேன், ஒரு நிமிஷம்..."

கோடரியை ஓங்கி அடித்தான். ரோஸ் கட்டை உடைந்தது. தூளின் ஒளி செத்தது.

பந்தம் பற்றிக்கொண்டது.

முதலில் ஒரு டக் சத்தம். பிறகு சுவர் முழுக்க விளக்குகள் மடமடவென்று எரிந்தன. சூரியன் இருந்த இடமே தெரியவில்லை. மேல் வரியில் 'திருட'வின் பக்கத்தில் 'ன்' வந்து உட்கார்ந்தது. அதற்குக் கீழே இரண்டாவது வரி. அதற்கும் கீழே மூன்றாவது.

திருடன்
என் புருஷன்
கட்டியது என் அண்ணன்

திரையோரம் ஓடிக்கொண்டிருந்த குறிப்புகள் ஒரு நொடி நின்று, பிறகு அணை உடைந்த மாதிரி பாய்ந்தன. மாமா படிக்க முயன்றார். 'அண்ணி எழுதினதா?' என்றது ஒன்று. 'நீ கட்டினதுதானே, விளக்கை அணை பார்ப்போம்' என்றது இன்னொன்று. அதையே ஆயிரம் பேர் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அணை. அணை. அணை பார்ப்போம்.

மேஸ்திரியால் அணைக்க முடியவில்லை. எந்தக் கட்டை எதற்கென்று தெரிந்தால்தானே. கண்ணில் பட்டதையெல்லாம் உடைத்தான். ஒரு கதவு பாதியில் சிக்கியது. அணையின் மதகு பிய்ந்து, தண்ணீர் கோட்டைக்குள் புகுந்து, தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போனது. சுவர் மட்டும் அசையவே இல்லை. அந்த மூன்று வரிக்கான தூள் வேறு எங்கோ ஆழத்தில் ஓடியது. அது எங்கே என்று கேட்கவும் அவனுக்கு ஆளில்லை. காமிரா முன்னாலேயே, லட்சம் பேர் பார்க்க, "ஏய், இதை எப்படிடி நிறுத்துறது?" என்று மனைவியைப் பார்த்து அலறினான்.

அதற்குப் பிறகு யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

மேஸ்திரியின் மனைவி முன்னால் வந்தாள். காமிராவுக்குக் கீழே ஒட்டியிருந்த விலாசச் சீட்டைப் பிய்த்துக் கசக்கினாள். "நிறுத்த முடியாது. நீங்க தூக்கிட்டு வந்தீங்களே, அந்த மொத்த நகரத்தையும் இடிச்சாத்தான் நிற்கும்" என்றாள். வாசலில் அவளுடைய பெட்டி ஏற்கெனவே தயாராக இருந்தது. மாமா எதுவும் கேட்காமல் அதைத் தூக்கிக்கொண்டார்.

காரில் அவள் பின்னால் உட்கார்ந்தாள். கார் தெருமுனையைத் தாண்டியது.

"திருப்தியா?" என்று கேட்டாள் பாப்பா.

"அவன் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தான் மேடம். இவர் இப்பத்தான் உட்கார ஆரம்பிச்சிருக்கார்" என்றாள் அவள். ஜன்னல் வழியாக வந்த சாயங்கால வெயிலில் அவள் முகம் கல் மாதிரி இருந்தது. "இன்னும் பத்து வருஷம் கழிச்சுப் பார்த்தாலும் அந்த வீடியோ இருக்கும். இவர் எங்கே போய் உட்கார்ந்தாலும் தலைக்கு மேல அது இருக்கும். இவருக்குப் படிக்கவும் தெரியும்."

மாமா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனால் தப்பு என்று சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை.

அப்போது அவள் போன் அடித்தது. திரையைப் பார்த்தவள் அப்படியே உறைந்துபோனாள். கல் மாதிரி இருந்த முகம் எங்கோ ஒரு மூலையில் விரிசல் விட்டது. "அண்ணன்" என்றாள், மாமாவைப் பார்த்து, அவர்தான் அதை நம்ப வைக்க வேண்டும் என்பது போல. அவசரத்தில் ஸ்பீக்கரையும் சேர்த்து அழுத்திவிட்டாள்.

மாதக்கணக்கில் பேசாத தொண்டை. கரகரவென்று வந்தது குரல். "ஜெராக்ஸ்காரர் மேல ஓடி வந்து போன்ல காட்டினார். பார்த்தேன்."

"அண்ணா..."

"மூணு வரி போட்டிருக்கே. நான் கட்டின சுவர்ல நாலாவது வரிக்கும் விளக்கு இருந்ததே. அதை ஏன் காலியா விட்டே? புருஷன்னா ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. அவன் சொந்தப் பேரை முழுசாப் போட்டிருக்கலாமே?"

மாமா பிரேக்கை மிதித்தார். பாப்பாவும் மிதித்தாள். கார் குலுங்கி நின்றது. பின் இருக்கையில் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இரண்டு பேருக்கும் புரியவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அவர் பேர் இன்னும் என் பேரோட ஒட்டிட்டு இருக்கு அண்ணா. முதல்ல அதைப் பிய்ச்சுப் போட்டுட்டு வரேன். கதவை மட்டும் திறந்து வை."